பொன்னுருக்கல் எந்த வீட்டில்?

அன்புள்ள ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அம்மா பார்ப்பம் என்றால் சரி என்றுதான் அர்த்தம் என்று நீ சின்ன வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லையடா. வாய்க்கு வந்ததை அப்பாவுக்கு முன்னால் சொல்ல முடியாதபோது நான் சொல்கிற சொல் அது. அப்பா அப்போது பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற இந்தக் கரவனில் பக்கம் என்றால் முழங்கால் முட்டுகிற பக்கம். நீ சொன்னது முழுக்க அவருக்கும் கேட்டது. "அம்மா, பொன்னுருக்கலை மாமா வீட்டிலயே வைச்சிடுவம். கார்ல்ஸ்ரூஹே எண்டால் எல்லாருக்கும் வந்து போகச் சுகம். கரவன் கதையை இப்ப எடுக்க வேண்டாம்." அப்பா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய், ஏற்கெனவே இறுகித்தான் இருந்த காஸ் போத்தலை இன்னொருதரம் இறுக்கினார்.

பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கவேண்டும். உனக்கு அது சடங்கு, எனக்கு அது முறை. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வாசற்படி ஏறி வந்து, அங்கே விளக்கு ஏற்றி, தாலிக்கான பொன்னை ஆசாரி உருக்குவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். ஆகவே நீ என்னிடம் கேட்டது சடங்கை எங்கே வைப்பது என்பதல்ல. உன் வீடு எது என்பதைத்தான் கேட்டாய். கேட்டுவிட்டு, பதிலையும் நீயே சொல்லிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். எர்லாங்கனில் நீ வேலை செய்கிற கந்தோருக்குள் வைத்துப் படிக்காதே. ஆறுதலாக ஓரிடத்தில் இருந்து படி. பாதியில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் படி.

இன்றைக்கு இங்கே மழை. மழை என்றாலும் வயலில் வேலை நிற்காது, அப்பா மழைக்கோட்டோடு ஸ்பார்கல் என்கிற அந்தத் தண்டு மரக்கறியை வெட்டத்தான் போயிருக்கிறார். கழுவித் தரம் பிரிக்கிற கொட்டகையில் எங்களை மட்டும் வேளைக்கே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் எனக்கு நானே கதைப்பதுகூடக் கேட்காது. அப்படிக் கதைக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது, சிரிக்காதே. கொட்டகையில் எனக்கு இரண்டு பக்கமும் போலந்துப் பெண்கள். நல்ல பிள்ளைகள், கை நோகுதென்றால் தங்கள் பூச்சு மருந்தை எடுத்துத் தருவார்கள். ஆனால் அவர்கள் சிரிக்கிற பகிடி எனக்கு விளங்காது, என் பகிடியைச் சொல்ல எனக்கு அவர்களின் பாஷை இல்லை. நாள் முழுக்கத் தடித்த தண்டு ஒரு பக்கம், மெல்லிய தண்டு ஒரு பக்கம், வளைந்தது இன்னொரு பக்கம். பின்னேரம் அப்பா வருவார். "என்ன, குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகுதோ?" என்று நான் கேட்டால் "ம்." "தேத்தண்ணி போடட்டோ?" என்றால் அதற்கும் "ம்." இரண்டு "ம்"முக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் இவ்வளவு நாளும் என் குடும்ப வாழ்க்கை.

நாங்கள் ஏன் இதற்குள் வந்தோம் என்று நீ ஒருநாளும் முழுதாகக் கேட்கவில்லை. அப்பாவின் வேலைத்தலத்தை மூடினதால் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாய். அது பாதிதான். நீ படிக்கப் போன பிறகு அந்த ஃபிளாட்டில் எனக்கு இருக்க ஏலாமல் போய்விட்டது. உன் அறைக் கதவைத் திறந்து வைத்தாலும் வெறுமை, மூடி வைத்தாலும் வெறுமை. கீழ்வீட்டுக் கிழவி எங்கள் கறி மணத்துக்கு ஜன்னலை அடித்துச் சாத்துகிற சத்தம்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதற்குச் சாட்சி. அந்த வசந்தத்தில்தான் அப்பா ஸ்பார்கல் வெட்ட இந்தப் பண்ணைக்கு முதன்முதலாக வந்தார், நானும் கூடவே வந்தேன். பண்ணைக்காரர் தன் பழைய கரவனை விற்க நினைத்திருந்தார். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, சில்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "இஞ்சேர், அண்டைக்கு ஊரில இருந்து வெளிக்கிடேக்க வீட்டை விட்டிட்டு ஓடினம். இனி ஓட வேண்டி வந்தால் வீட்டையும் இழுத்துக்கொண்டு ஓடலாம்." பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு மூக்கைச் சீறினார்.

குடிபுகுந்த அன்று பால் காய்ச்சினோம். அதற்கு முதல் ஒரு கூத்து. கரவனின் கதவு தெற்கைப் பார்த்து நின்றது. உன் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமோ? பண்ணைக்காரரைக் கூப்பிட்டுத் திருப்பித் தரச் சொன்னார். அந்த மனுசன் மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதாக்கும் என்று நினைத்து டிராக்டரைக் கொண்டுவந்து திருப்பினார். கதவு கிழக்கே வந்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார், அவரும் என்னவென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார். பால் பொங்கி வழிந்து அடுப்பு நூர்ந்துபோய், காஸ் மணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வெளியே ஓடி நின்று சிரித்த சிரிப்பு! நான் இந்த நாட்டில் அப்படிச் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கின நாளிலிருந்து அகதி முகாம் அறை, பிறகு இன்னொருவரின் வீட்டில் ஓர் அறை, பிறகு வாடகை வீடு. எங்கள் சொந்தப் பெயரில் திறப்பு கைக்கு வந்த முதல் வீடு இதுதான். வீடு என்று எழுதும்போது நீ முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளி.

வேலை எங்களை இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்பார்கல் ஆனி மாதக் கடைசியில் முடியும், பிறகு வெட்டாமல் விட்ட அந்தச் செடி மாதிரி நாங்களும் கொஞ்சம் ஓய்வோம். பிறகு ஸ்ட்ரோபெரி, பிறகு தெற்கே பெரிய ஏரிக்கரையில் அப்பிள், அது முடிய வைனுக்கான முந்திரிகைத் தோட்டம். குளிர் தொடங்கினால் இந்தப் பண்ணைக்காரரின் வைக்கோல் கொட்டகைக்குள் கரவனை விட்டுவிட்டு நத்தார்ப் பண்டிகைக்குக் கதவில் மாட்டுகிற வளையங்கள் கட்டப் போவேன், பைன் முள் குத்திக் குத்தி விரல் உணர்ச்சி கெட்டுவிடும். வெளிக்கிடுகிற ஒவ்வொரு தடவையும் அப்பா அலுமாரிக் கதவுகளை எல்லாம் கொளுவுவார், உயரத்தில் இருக்கிறதையெல்லாம் இறக்கிக் கீழே வைப்பார், விழக்கூடியதைக் கழுவு தொட்டிக்குள் வைப்பார். நான் சாமிப்படங்களைச் சீலையில் சுற்றிப் புட்டுப் பானைக்குள் வைப்பேன். முருகன் எங்களோடு யேர்மனி முழுக்கப் புட்டுப் பானைக்குள் ஊர்கோலம் போகிறார். கோயில் தேருக்குத்தான் நாங்கள் போக ஏலாது, அது எப்பவும் ஸ்பார்கல் காலத்தில் வந்து தொலைக்கிறது.

இனி அந்த நாள். நீ கட்டப்போகிற அபியின் வீட்டார் எங்களைப் பார்க்க வந்த நாள். மாமா குடும்பத்தை வெளியே அனுப்பி அவர்களின் வீட்டை எங்கள் வீடாக்கிவிட்டு, அவர்களுடைய கல்யாணப் படத்தைக் கழற்றி அந்த ஆணியில் உன் பட்டமளிப்புப் படத்தை மாட்டினாய். ஆணி பெரிது, படம் சின்னது. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஒரு பின்னேரம்தானே அம்மா" என்று நீ என் தோளைப் பிடித்தாய். நீ என்னைத் தொட்டு எவ்வளவு காலம்! அந்தக் கைக்காகத்தான் ஒத்துக்கொண்டேன், வேறு ஒரு நியாயமும் எனக்கு இருக்கவில்லை. அவர்களுக்குத் தேநீர் போட சீனியைத் தேடி ஒவ்வொரு கதவாகத் திறந்தேன். ஒன்றில் சவர்க்காரத் தூள், ஒன்றில் பிள்ளைகளின் சப்பாத்து. அபியின் அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "புதுசா அடுக்கினனாங்கள்" என்று சொன்னேன். என் வாய்க்கு அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் போக எழும்பினார்கள், எல்லாரும் எழும்பின சந்தடியில் உன் அப்பாவுக்கு வெளிக்கிடுகிற எண்ணம் வந்துவிட்டது. மனுசன் தன் பாட்டுக்கு ஒவ்வொரு அலுமாரிக் கதவாக உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். குளிர்பெட்டிக்கு மேலிருந்த தேநீர்த் தகரத்தை இறக்கி நிலத்தில் வைத்தார். டீவிக்கு மேலே இருந்த பூச்சாடியைப் பூவோடு தூக்கிக்கொண்டு போய்க் கழுவு தொட்டிக்குள் வைத்தார். அபியின் அம்மா கேட்டா, "என்ன அண்ணை, வீட்டோட எங்கயும் வெளிக்கிடுறியளோ?" அப்பா சாடியைப் பார்த்தபடி நின்றார். நீதான் சிரித்துச் சமாளித்தாய், அப்பாவுக்கு ஒழுங்கு முக்கியம் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தோம், ராசா. அகப்பை எங்கே இருக்கிறதென்றுகூட எங்களுக்குத் தெரியாது.

உனக்குத் தெரியாதது இனித்தான். கொஞ்ச நாள் கழித்து அபியின் அம்மா எனக்குப் போன் எடுத்தா. நான் கொட்டகையில் ஈரக் கையுறையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அக்கா, பிழையா நினையாதேங்கோ. அது உங்கட வீடில்லைத்தானே?" ஓம் என்றேன். "அப்ப உங்கட வீட்டை எனக்குக் காட்டுவியளோ?" அதற்கும் ஓம் என்றேன். அடுத்த ஞாயிறு தனியாக ரயிலில் வந்தா. கரவனுக்குள் ஏறும்போது தலையை இடித்துக்கொண்டா. எங்கே குளிக்கிறீர்கள், பனிக்கு என்ன செய்கிறீர்கள், வருத்தம் வந்தால் எந்த டொக்டர் என்று வரிசையாகக் கேட்டா. நான் கக்கூஸ் பெட்டி வரைக்கும் காட்டினேன். புட்டும், ஸ்பார்கலில் வைத்த பால்கறியும் கொடுத்தேன். "முருக்கங்காயை நினைச்சுக்கொண்டு சாப்பிடலாம்" என்று சொல்லி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டா. இத்தனை வருடத்தில் இந்த மேசையில் இருந்து சாப்பிட்ட முதல் தமிழ்ச் சனம் அவதான். அவ கதைக்கக் கதைக்க எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயமும் இல்லை சாட்டுச் சொல்ல.

சாப்பிட்டு முடிய அவ கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, நீங்கள் இருக்கிற இடம் எனக்கொரு பிரச்சினையே இல்லை. நாங்களும் காம்பில கொடியில சீலை கட்டி அறை பிரிச்சு இருந்த ஆக்கள்தான். ஆனால் எனக்கொரு பயம். பெத்த தாய் தேப்பனையே ஒளிச்சு வைக்கிற பெடியன் நாளைக்கு என்ர பிள்ளையிட்ட என்னத்தை ஒளிப்பான்?"

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? "அவன் ஒளிக்கேல்லை. நாங்கள்தான் அவனைக் கெஞ்சினனாங்கள். எங்களுக்கு வெக்கமாக் கிடந்தது, சொல்லாதை எண்டு" என்றேன். உன் மேல் விழ வந்ததை என் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். அப்பா வெளியே படியில் இருந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க "ம்" சொல்கிற மனுசன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக்குள் தலையை நீட்டினார். "தங்கச்சி, இவள் பொய் சொல்லுறாள். எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. பெடியனுக்குத்தான் வெக்கம்." அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய் மிச்சக் கிழங்கைச் சீவினார்.

அபியின் அம்மா கோப்பையை ஒதுக்கி வைத்தா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "நான் பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை, அக்கா. நான் சொன்னால் இந்தக் கலியாணம் நிக்கும். என்ர பிள்ளையை எனக்குத் தெரியும், பொய்யெண்டால் அவளுக்குச் சரிவராது. உங்கட மகன் தன்ர வாயால சொல்லட்டும். பொன்னுருக்கலுக்கு முதல் சொல்லவேணும். சொல்லாட்டில் நான்தான் சொல்லவேண்டி வரும்." மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. தாய் மாதிரித்தான் சொன்னா. இதை உனக்குச் சொல்லும்படி அவ கேட்கவும் இல்லை. நான் சொல்லாமல் இருந்து பார்த்தேன், நீயாகச் சொல்லுவாய் என்று. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தது, மாமா வீட்டில் வைப்போம் என்று.

அபியின் அம்மா வந்து போன அன்றிலிருந்து அப்பா என்னோடு அந்த "ம்"மையும் நிறுத்திவிட்டார். எனக்கு இந்த வீடு வெட்கம் என்று நான் சொல்லிவிட்டேனல்லவா, அது அவருக்குப் பட்டுவிட்டது. பொய்யாகத்தான் சொன்னேன் என்றால் கேட்கிறாரில்லை. பெரிய வீடென்றால் கோபித்த இரண்டு பேர் ஆளுக்கொரு அறைக்குள் போகலாம். இங்கே அவர் திரும்பிப் படுத்தால் அவருடைய முதுகு என் மூக்கில் முட்டுகிறது. வயல் முழுக்க ஆட்கள், கொட்டகை முழுக்க ஆட்கள், பக்கத்தில் தாலி கட்டின மனுசன். இவ்வளவு தனிமையை நான் முகாமிலும் பட்டதில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

உன்னிலும் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகப் போகும். கோபம் இருக்கிறது. ஆனால் உன் பக்கமும் எனக்குத் தெரியும். எங்களுக்காகக் கதைத்துக் கதைத்தே வளர்ந்த பிள்ளை நீ. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்களோடு கந்தோர் கந்தோராக, அவர்கள் நேரம் குறித்துத் தந்த டெர்மினுக்கெல்லாம் வந்தாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் உன் சின்ன வாயால் எங்களுக்குத் தமிழில் சொன்னாய். சிலதை நீ இனிப்பாக்கிச் சொன்னாய், எனக்கு அது அப்போதே விளங்கியது. அப்படி ஒரு பிள்ளைக்கு என்றைக்காவது களைப்பு வரும், யாருடைய பிள்ளையுமில்லாமல் கொஞ்ச நேரம் நிற்க ஆசை வரும். வரட்டும். ஆனால் அந்த ஆசைக்குள் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து குடிவைக்காதே. கல்யாணம் கட்டின பிறகு மறைத்த சாமானை வைக்க வீட்டில் இடமே இருக்காது. எங்களைப் பார், கோபத்தைக்கூட ஒளிக்க இடமில்லாமல் இருக்கிறோம்.

பொன்னுருக்கலை மாமா வீட்டில் வை, மண்டபத்தில் வை, எனக்கு இனி அதில் வழக்கில்லை. பொன் எங்கே வைத்தாலும் உருகும். நான் கேட்பது வேறொன்று. வருகிற ஞாயிறு அபியைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. போனில் சொல்லாதே, ரயிலில் வரும்போதும் ஒன்றும் சொல்லாதே. உனக்கு இந்த இடம் தெரியாது, ஒருநாளும் வந்ததில்லை, நானும் வழி எழுதப் போவதில்லை, அப்பாவையும் காரோடு அனுப்பப் போவதில்லை. ஸ்டேசனில் இறங்கி நேரே நடந்தால் தேவாலயத்துக்கு முன்னால் பேக்கரி ஒன்று வரும், ஞாயிறும் திறந்திருக்கும். எங்கள் பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. உள்ளே போய் அபிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பாண் விற்கிற பெண்ணிடம் உன் நல்ல டொச் பாஷையில் சத்தமாகக் கேள்: ஸ்பார்கல் பண்ணையில் கரவனில் குடியிருக்கிற அந்தக் கறுத்த மனுசனும் மனுசியும் எங்கே என்று. அவள் வழி சொல்வதற்கு முன்னம், அவர்கள் உனக்கு யார் என்று கேட்பாள்.

அதற்குப் பதில் சொல்லிவிட்டு வா.

அம்மா